எம்ரிஸ் போட்ட கட்டைகள்

எம்ரிஸ் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஊரே அறிந்த சங்கதி இது. குதிரைக்குத்தான் தெரியவில்லை.

அந்த ஊர் ஆற்றின் மேல் ஓர் இரும்புப் பாலம்; ரயில் இன்ஜின் வருவதற்கு முன்பே பிறந்தது. அந்தக் காலத்தில் இரும்பு உருக்கும் உலையிலிருந்து வரும் சரக்கு வண்டிகளைக் குதிரைகள் அதன் மேல் இழுத்துப் போயின. மறுபடி தண்டவாளம் போட்டு ஒரு வண்டியாவது ஓட்டிப் பார்க்க, பாலச் சங்கச் செயலாளர் எம்ரிஸ் மூன்று வருடம் அலைந்தார். இன்று மரபுச் சின்னங்கள் துறையிலிருந்து அதிகாரி டெலித் வந்திருந்தாள். வண்டி அக்கரை சேர்ந்தால் தண்டவாளம் தங்கும். இல்லாவிட்டால் கழற்றிவிட வேண்டியதுதான்.

வண்டியில் பூட்டியிருந்த ஷானி என்ற பெண்குதிரை, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போட்டிருந்த முதல் கட்டையை முகர்ந்தது. நின்றது. கேரட் நீட்டினார்கள். தின்றுவிட்டு அங்கேயே நின்றது.

"உன் குதிரை சரியான சோம்பேறி, நெஸ்டா!" என்றார் எம்ரிஸ்.

நெஸ்டா எம்ரிஸின் மனைவிக்குத் தங்கை, குதிரைக்காரி. விடுவாளா?

"அதுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே அத்தான்! ஜனவரியிலயே தலையால அடிச்சுக்கிட்டேன், நடுவுல குறுக்குக் கட்டை போடாதீங்கன்னு. அந்தக் காலத்து ஆளுங்க ரெண்டு ஓரமும் கல்லைப் பதிச்சு, அது மேல தண்டவாளத்தை வெச்சு, நடுவுல குதிரைக்கு வழி விட்டாங்க. நீங்க ரயில்வே ஸ்டேஷன்ல பாத்ததைக் கொண்டாந்து போட்டிருக்கீங்க. எங்க கால் வைக்கும் அது?"

வேடிக்கை பார்க்க வந்த பாடகர் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெலித் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு மணி வரைக்கும்தான் சார் இருப்பேன்."

எம்ரிஸ் ஆற்றைப் பார்த்தார். வாய்க்குள் நூறு சாக்கு இருந்தது. ஆனால் எந்தச் சாக்கும் அந்த வண்டியை நகர்த்தாது. அவமானத்தில் காது சிவந்தது.

"கட்டை போட்டது என் தப்புதான்," என்றார். "இப்ப என்ன பண்ணலாம், சொல்லும்மா."

"கட்டை இருந்துட்டுப் போகட்டும். சந்துல எல்லாம் கட்டை மட்டத்துக்கு ஜல்லியும் மண்ணும் நிரப்புங்க."

பாடகர் குழு கோட்டைக் கழற்றியது. ஆற்றங்கரையிலிருந்து வாளி வாளியாக ஜல்லி வந்தது, பாட்டோடு. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷானி ஒரு காலை வைத்துப் பார்த்தது. பிறகு கல்யாண வீட்டுக்குப் போவது போல் நடந்தது. வண்டி கடகடவென்று அக்கரை சேர்ந்ததும் எம்ரிஸ் அழுதே விட்டார்.

டெலித் பேனாவை எடுத்தாள். "தண்டவாளம் இருக்கட்டும். பாதையைச் சரிசெஞ்சது யாருன்னு எழுத? உங்க பேரா?"

"என் கொழுந்தியா நெஸ்டா. குதிரை பேரையும் சேத்துக்கோங்க."

நெஸ்டா மிச்சமிருந்த கேரட்டை இரண்டாக உடைத்தாள். பாதியை ஷானிக்குக் கொடுத்தாள்; மறுபாதியை அத்தானிடம் நீட்டினாள்.