படிக்கட்டில் பதினொரு குறிப்பேடுகள்

சூடான செங்கல்லைக் கம்பளித் துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி உர்சுலா மாடிப்படி ஏறினாள். ஏறினாள் என்பதைவிடத் தாண்டினாள் என்பதே சரி. படிக்கு ஒருவராகப் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் குறிப்பேடு, இடுப்பில் மை நிரப்பிய கொம்பு, காதில் இறகுப் பேனா. மூன்றாம் படியில் இருந்த கையுறை வியாபாரி விங்கேட் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"போதகர் ஏதாவது சொன்னாராம்மா?"

"கஞ்சி வேணாம்னார்."

பதினொரு பேனாக்களும் கீறின. "இவ்வுலக உணவை மறுத்தார்" என்று விங்கேட் எழுதியதை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவள் அப்பா ஆம்புரோஸ் தர்ஸ்டன் முப்பது வருடமாக லண்டனுக்குச் சாகக் கற்றுக்கொடுத்தவர். கொள்ளைநோய் வந்த வருடம் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்த பிரசங்கத்தில் ஊரே அழுது, தேம்ஸ் அரையடி உயர்ந்துவிட்டதாகப் படகோட்டிகள் புகார் சொன்னார்கள். அன்று அழாதவர்கள் மூன்றே பேர். அதில் இருவர் செவிடர்கள், ஒருவர் கசாப்புக்காரர். அப்படிப்பட்ட மனிதர் தானே சாகும்போது என்ன சொல்வார் என்று கேட்க ஊர் காத்திருக்காதா? கடைசி வார்த்தை அச்சேறக்கூடிய வார்த்தையாக இருக்கும் என்பதில் படிக்கட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

போதகராவதற்கு முன்னால் அவர் கவிஞர். காதல் கவிதை எழுதி ஒரு நல்ல வேலையை இழந்து ஒரு மனைவியைச் சம்பாதித்தவர். எதுவுமே அதுவாக இருக்க அவர் விட்டதில்லை. காதல் என்றால் தராசு, முத்தம் என்றால் துறைமுகம். வயிற்றை வலித்தால் உள்ளே பாராளுமன்றம் கூடியிருக்கிறது என்பார். உர்சுலா பிறந்தபோது அவளைத் திரும்பி வந்த கடிதம் என்று சொன்னாராம். முப்பத்தொரு வயதாகியும் அது யார் யாருக்குப் போட்ட கடிதம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பாவின் பிரசங்கங்களை நல்ல பிரதி எடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. இருபது வருடத்தில் அவள் எழுதித் தேய்த்த இறகுகளுக்காகவே எசெக்ஸ் பக்கத்து வாத்துகள் மொட்டையாகத் திரிந்தன.

அவள் செங்கல்லை அவர் பாதத்தடியில் வைத்தாள். பாதங்கள் மீன்போலக் குளிர்ந்திருந்தன.

"உர்சுலா, கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"எனக்குப் பயமா இருக்கு."

தொடர்ச்சி வரும் என்று அவள் காத்திருந்தாள். இருபது வருடப் பழக்கம், கைகூடப் பேனாவைத் தேடியது. தொடர்ச்சி வரவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது, கொள்ளைநோய்ப் பிரசங்கத்தின் அந்த வரி, லண்டனில் பாதிக் கல்லறைகளில் வெட்டப்பட்டிருப்பது: மரணம் ஒரு பணியாள், விளக்கை ஏந்தி நம்மை அடுத்த அறைக்கு அழைத்துச் செல்பவன்.

"அது நான் எழுதினது" என்றார் அப்பா.

"தெரியும்ப்பா."

"எழுதின ராத்திரி பல்வலி. தூங்கணும்னு அவசரத்துல முடிச்சேன். வேற ஏதாவது சொல்லு."

அவள் யோசித்தாள். தனக்குத் தெரிந்த ஆறுதல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடியில் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருந்தது.

"இருப்பா. யாரையாவது கூட்டிக்கிட்டு வரேன்."

முதலில் உதவிப் போதகரைக் கூட்டிவந்தாள். அவர் மெல்லிய மனிதர், பக்கவாட்டில் நின்றால் மறைந்துபோவார். சொந்தமாக எதுவும் பேசாமல் வேதத்தைத் திறந்து வசனம் வாசிக்க வேண்டும் என்று படியிலேயே சொல்லி வைத்திருந்தாள். அவர் அழகாகவே வாசித்தார். அப்பா இரண்டு வசனம்வரை பொறுத்துக்கொண்டார். அந்த வசனத்தை வைத்து நான்கு முறை பிரசங்கம் செய்திருப்பதாகவும், அது எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது, அந்த விரிசலைத் தான் எதை வைத்துப் பூசியது என்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். உதவிப் போதகர் வெளுத்துப்போய் வெளியே வந்தார். படிக்கட்டு அவரை மொய்த்தது. போதகர் வேதத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லித் தப்பினார். பேனாக்கள் கீறின.

அடுத்தது ஜைல்ஸ் பாவ்டன். சட்டக் கல்லூரியில் அப்பாவோடு ஒரே போர்வையில் படுத்தவர், இப்போது மூச்சு வாங்கும் பெரிய மனிதர். பதினொரு பேரையும் எழுப்பி நிற்கவைத்துத்தான் அவர் மாடி ஏற முடிந்தது. உர்சுலா விஷயத்தைச் சொன்னதும் தைரியமாகத் தலையசைத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். கட்டில் முனகியது. விடிந்தபின் காதலியைப் பிரிய மனமில்லாதவன் சூரியனைக் கடன்காரன் என்று திட்டித் துரத்தும் கவிதை ஒன்றை ஜைல்ஸ் வாசித்தார். அப்பாவின் கண்கள் மூடியிருந்தன.

"நல்லா இருக்கு. யாரோடது?"

"உன்னோடதுதான்டா."

அப்பாவிடம் தன் கவிதை ஒன்றுகூடக் கிடையாது. ஒரே பிரதியாக எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிடுவார். அது கைமாறிக் கைமாறி ஊர் சுற்றும். ஜைல்ஸ் இந்தக் கவிதையைத் தன்னுடையது என்று சொல்லித்தான் தன் மனைவியைக் கட்டினார். அதை அவர் இப்போதுதான் முதல் தடவையாக ஒப்புக்கொண்டார்.

"எனக்குன்னு சொந்தமா என்னடா இருக்கு, உனக்குக் கொண்டு வர?" என்று சொல்லிவிட்டு ஜைல்ஸ் அழுதார். அப்பா அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதல் சொல்ல வந்தவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பக் கால் மணி நேரம் ஆயிற்று.

உர்சுலா சமையலறைக்கு ஓடினாள். அங்கே சமையல்காரி ஜோன் பாதி வெங்காயத்தை அடுப்பில் வதங்கவிட்டு மீதியை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பிரசங்கங்களில் முதல் வரிக்கே தூங்கிவிடும் ஒரே ஜீவன், பதினாறு வருடம் தூங்கியிருக்கிறாள். ஒரு தடவை அவள் குறட்டையில் ஆலயத்தின் ஜன்னல் கண்ணாடி உதிர்ந்ததாக ஊரில் சொல்வார்கள். இவளிடமாவது வேறு சரக்கு இருக்கும்.

"மேல வா ஜோன். அவருக்கு ஏதாவது ஆறுதலா சொல்லு."

"நானா? ஐயாவுக்கா? வெங்காயக் கையோடயா?"

"அப்படியே வா."

ஜோன் கட்டிலருகே நின்று, கைகளை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்து, மறுபடியும் துடைத்தாள். பிறகு பள்ளிப் பிள்ளைபோல நிமிர்ந்துகொண்டாள்.

"சாவுங்கறது ஒரு வேலைக்காரன்தாங்க ஐயா. வெளக்க எடுத்துக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவான்."

உர்சுலா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்மள விட்டுட்டா?" என்று கேட்டார் அப்பா.

"அது நீங்க சொல்லலீங்களே ஐயா. என் வீட்டுக்காரர் செத்தப்ப வந்து இவ்வளவுதான் சொன்னீங்க."

"அப்ப உனக்கு ஆறுதலா இருந்துச்சா ஜோன்?"

ஜோன் உர்சுலாவைப் பார்த்தாள். உர்சுலா எந்த ஜாடையும் காட்டவில்லை.

"இல்லீங்க ஐயா. அவ்வளவு மழையில நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கீங்களேன்னு தலையாட்டினேன்."

"சரி" என்றார் அப்பா. "வெங்காயம் கருகிடப் போகுது, போ."

அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. உர்சுலா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஆறிப்போன செங்கல்லை எடுத்துவிட்டு, அவர் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் நாக்கில் வந்து நின்றது அவர் வாக்கியம்தான். வாயை மூடிக்கொண்டாள். தெருவில் யாரோ சிப்பி விற்றுக்கொண்டு போனார்கள். மூன்று மணிக்கு மேல் அவர் மூச்சு ஒரு முறை இழுத்தது, அடுத்ததற்கு அவள் காத்திருந்தாள், தேய்த்துக்கொண்டே காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் கதவைத் திறந்ததும் படிக்கட்டில் பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள். தொப்பிகள் கழன்றன. அவள் முகத்தைப் பார்த்து நான்கைந்து பேர் அழத் தொடங்கினார்கள், ஆனால் மை நனையாமல் குறிப்பேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"அமைதியாப் போனாராம்மா?" என்றார் விங்கேட். "கடைசியா என்ன சொன்னார்?"

ஒரு வரி வேண்டும். கப்பல், துறைமுகம், விளக்கு, எது வேண்டுமானாலும் அவளால் நின்ற நிலையில் செய்துவிட முடியும். அப்பாவே தன்னுடையது என்று நம்பிவிடுவார், அப்படி ஒரு வரி. அவள் கைப்பிடியைப் பற்றினாள்.

"பயமா இருக்குன்னு சொன்னார்."

பேனாக்கள் கீறின. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. பதினொரு முகங்களும் பக்தியோடு அவளை நோக்கி நிமிர்ந்தன.

"எதைப் போல?" என்றார் விங்கேட்.

அவர் பேனா முனையில் மை திரண்டு, கனம் தாங்காமல், குறிப்பேட்டின் நடுவில் சொட்டியது. அவர் அதைச் சட்டைக் கையால் ஒற்றி எடுத்துவிட்டு, பேனாவை மறுபடியும் தயாராகப் பிடித்துக்கொண்டார்.