ஒரு குழித் தண்ணீர்

ஆமை நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஜல்லி லாரிகள் வரிசையாக வரும் நேரம். டேங்கரை ஓரங்கட்டி இறங்கியவள் யோசிக்கவே இல்லை. குனிந்தாள், அதன் ஓட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினாள், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த முட்புதரின் நிழலைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் அது அவள் மேலேயே மூத்திரம் பெய்தது. கொஞ்சநஞ்சமில்லை, சட்டையில் ஆரம்பித்து பூட்ஸுக்குள் வரைக்கும் இறங்கிவிட்டது. "உனக்குப் போய் நல்லது செஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அதை இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். அடுத்த வளைவு வருவதற்குள் துணி காய்ந்துவிட்டது. அந்த வெயில் அப்படி.

பாலைவனத்தின் குறுக்கே சாலை போடும் அந்த முகாமில் அவளுக்குத் தண்ணியக்கா என்றுதான் பெயர். புழுதி கிளம்பாமல் மண்பாதையில் தண்ணீர் அடிப்பது அவள் வேலை. அது ஆழ்கிணற்று உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. குடிதண்ணீர் வெள்ளிக்கிழமை தோறும் கேன்களில் வரும், வீட்டுக்கு இத்தனை என்று அளந்து கொடுப்பார்கள். சமையல்காரருக்குப் பல்வலி என்றாலும் சரி, இரண்டு டிரைவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் சரி, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் அங்கே போய் நின்றிருப்பாள். பாதையை மட்டப்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், "கூப்பிடாத இடத்துக்கெல்லாம் முதல்ல போய்ச் சேர்ற வண்டி உன்னுதுதான்" என்பார். இத்தனை வருஷமும் அதை அவள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தங்கை ஒரே ஒரு பையோடு வந்து இறங்கி இரண்டு வாரம் ஆகிறது. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்காமல் இருக்க அக்காவால் முடியுமா? குடைந்து குடைந்து கேட்டுப் பார்த்தாள், ஒன்றும் பெயரவில்லை. சரி, நாமே முடித்துவைப்போம் என்று தங்கையின் கணவனுக்குப் போன் போட்டாள். "வெள்ளிக்கிழமை வாங்க மாப்ளே, உக்காந்து பேசித் தீத்துக்கலாம், கையோட கூட்டிட்டுப் போயிடுங்க" என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தங்கையிடம் சொன்னாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மடித்துக்கொண்டிருந்த துணியை முழுசாக மடித்து முடித்துவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஆமாம், இல்லை, போதும், அவ்வளவுதான்.

ஆமையைத் தூக்கிவிட்ட அன்று சாயங்காலம் டீக் கூடாரத்தில் அந்தக் கதையைத் தண்ணியக்கா கைகால் ஆட்டி நடித்தே காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சாலையோரத்து ஆமைகளைக் கணக்கெடுக்க வந்திருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் அவள். யாருக்கும் பாடம் நடத்தியதில்லை, இருந்தாலும் முகாம் அவளுக்கு ஆமை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டது.

"கொஞ்சமா விட்டுச்சா, இல்ல பூராவுமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"குளிப்பாட்டி விட்டுடுச்சு டீச்சர்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அது வெறும் மூத்திரம் இல்லக்கா. அதோட தண்ணித் தொட்டி. போன மழையில குடிச்சத உள்ள சேத்து வெச்சுக்கும். அடுத்த மழை வரைக்கும் அதுல இருந்துதான் எடுத்துக்கும். பயந்துபோச்சுன்னா மொத்தத்தையும் விட்டுடும்."

"அடுத்த மழை எப்போ?"

டீச்சர் வானத்தைப் பார்த்தாள். பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"லாரி வந்துட்டு இருந்துச்சே. தூக்காம வேற என்ன பண்றது?"

"வண்டியக் குறுக்க நிறுத்திட்டு, அதுவா கடந்து போற வரைக்கும் நிக்கலாம்."

தண்ணியக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. லாரிச் சக்கரத்தில் நசுங்க வேண்டியதைக் காப்பாற்றியவள் மேலேயே பழியா? பிறகு கோபம் மெல்ல இறங்கியது. போன மழையிலிருந்து சிக்கனமாகக் காத்துவந்ததை அந்த உயிர் தன் சட்டையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. நாமோ அதைச் சிரிப்புக் கதையாக்கி டீயோடு விற்றிருக்கிறோம். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எடுத்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

பாலைவனம் விடியற்காலையில் பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிரும். அந்தக் குளிரில் அவள் வீட்டுக் குடிதண்ணீர்க் கேனைத் தூக்கி வண்டியில் வைப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"டேங்கர் நிறையத் தண்ணி கெடக்கே?"

"அது உப்பு. அதக் குடுத்தா இன்னும் சீக்கிரமா போய்ச் சேந்துடும்."

"அப்ப நாம என்னத்தக் குடிக்கிறது?"

"என் பங்கத்தான் எடுக்கறேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. முனகிக்கொண்டே இன்னொரு கேனையும் தூக்கிவந்து வைத்தார். அப்போது உள்ளறை வாசலில் இருந்து தங்கையின் குரல் வந்தது. பல நாளைக்குப் பிறகு முழுசாக ஒரு வாக்கியம்.

"தண்ணி வேணுமான்னு ஆமையக் கேட்டியாக்கா? என்னையுந்தான் நீ கேக்கல."

தண்ணியக்கா வண்டியில் ஏறினாள். கதவைச் சாத்தி வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் அந்தக் குரல் அவளோடு வந்தது.

இறக்கிவிட்ட முட்புதரிலிருந்து தடம் பிடித்துப் போய், ஆமையின் வளையைக் கண்டுபிடித்துக் காட்டியது டீச்சர்தான். மெழுகு பூசினாற்போன்ற சின்ன இலைகள் கொண்ட ஒரு புதரின் வேரடியில் அரைவட்டமாய் ஒரு வாசல், உள்ளே ஒரே இருட்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால், களிமண் தரையில் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். ஆமை தானே சுரண்டி வைத்தது என்றாள் டீச்சர். மழை வருவது தெரிந்தால் முன்கூட்டியே வந்து அதில் உட்கார்ந்துகொள்ளுமாம். வளைக்குள் கையை விட்டு இழுத்துவந்து நனைத்தால் என்ன என்று தண்ணியக்கா கேட்டாள்.

"மறுபடியுமா? இன்னும் உள்ளதான் போகும். ஊத்துங்க, தள்ளிப் போய் உக்காருங்க. அசையக் கூடாது. வரணும்னா அதுவா வரும்."

ஊற்றினாள். தரை குடித்தது. இன்னும் ஊற்றினாள். அதையும் தரையே குடித்தது. பள்ளத்தில் ஈரக்கறை மட்டும் மிஞ்சியது, சற்று நேரத்தில் அதுவும் வெளுத்துப்போனது. வேலை நேரம் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் மண்ணைக் குழைத்துப் பள்ளத்துக்குள் மெழுகி, அதன்மேல் ஊற்றினாள். கொஞ்சம் நின்றது. வாசனை பிடித்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் குளவிகள், பிறகு எங்கிருந்தோ ஒரு ஓணான், வாலைக் குடையாகத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு தரை அணில், கடைசியில் ஒரு காக்கை ஜோடி. அழைத்த விருந்தாளியைத் தவிர ஊரே வந்து குடித்துவிட்டுப் போயிற்று. விரட்டவும் முடியாது, எழுந்தால் வளைக்குள் அதிர்வு கேட்கும். அவளோ ஓரிடத்தில் உட்கார்ந்து பழகாதவள். முட்டி மரத்துப்போனது, உதடு வெடித்தது. ஒரு கை நீட்டினால் முடிந்துவிடுகிற காரியத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் அவள் வாழ்க்கையிலேயே பார்த்த கடினமான வேலை. முகாமில் கேலி பறந்தது. "ஆமை போன் எடுத்துச்சாக்கா?" என்றார்கள். கேலி செய்தவர்களே அரை பாட்டில், கால் பாட்டில் என்று தங்கள் தண்ணீரையும் கொண்டுவந்து அவள் வண்டியில் வைத்தார்கள்.

டீச்சர் மட்டும் உண்மையை மறைக்கவில்லை. "சனிக்கிழமைக்குள்ள குடிக்கலன்னா கஷ்டந்தான்க்கா. வெயில் இன்னும் ஏறப்போகுது."

"குடிக்கும். குடிக்கிற வரைக்கும் ஊத்துவேன்."

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியில் ஏறியபோது பக்கத்து இருக்கையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தண்ணியக்காவும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. டேங்கரைச் சாலையில் நிறுத்திவிட்டு இருவரும் கேனைத் தூக்கிக்கொண்டு புதருக்கு நடந்தார்கள். நான்கு நாள் மெழுகியதில் பள்ளம் இறுகியிருந்தது, ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. தள்ளி வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சூரியன் ஏறிற்று. தங்கை முட்டியைக் கட்டிக்கொண்டு வளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. செதில் செதிலாய் ஒரு முன்னங்கால், பிறகு மூக்கு. அது அங்கேயே நின்று வெளியுலகத்தை யோசித்தது. தண்ணியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு அடி, நெடுநேரம் கழித்து இன்னொரு அடி. கண் குழிவிழுந்து, கழுத்துத் தோல் தொங்கிப்போயிருந்தது. பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. பள்ளத்தின் விளிம்புக்கு வந்து தலையைத் தாழ்த்தியபோதுதான் சாலையின் கோடியில் புழுதி கிளம்பியது.

கார். டேங்கரைப் பார்த்ததும் அதன் பின்னால் வந்து நின்றது. தங்கையின் கணவன் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தான். ஆமையின் தலை பாதி உள்ளே போய், அப்படியே நின்றது.

தண்ணியக்காவின் உடம்பு தானாக எழத் தயாராயிற்று. அவனிடம் என்ன சொல்வது, இவளிடம் என்ன சொல்வது என்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் அவள் எப்போதோ தயார்செய்து வைத்திருந்தாள். தோளில் ஒரு கை விழுந்தது.

"எழுந்திரிக்காதக்கா. அது உள்ள போயிடும்."

"அவரு வந்துட்டாரே."

"நான் போறேன்."

"என்னன்னு பேசுவ?"

"தெரியல. நானே பேசிக்கறேன்."

தங்கை ஓசைப்படாமல் பின்பக்கமாக நகர்ந்து எழுந்தாள். தன் நிழல் பள்ளத்தின் மேல் விழாதபடி சுற்றிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தாள். அவன் நாலடி எடுத்து வந்தான். அவள் கையைக் காட்டி அவனை அங்கேயே நிறுத்தினாள்.

ஆமை மெல்ல முன்னங்கால் இரண்டையும் தண்ணீருக்குள் வைத்தது. தாடையை நனைத்தது. அப்புறம் அந்தத் தொய்ந்த கழுத்து விம்மியது, தாழ்ந்தது, மறுபடி விம்மியது. தூரத்தில் டேங்கர் பக்கத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றிருந்தார்கள். வாய் அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. தண்ணியக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.