கிழக்கு கேலரி வைக்கும் பேர்

“நாலாம் நம்பர்” என்று சொல்லிவிட்டு மைக்கிலிருந்து வாயை எடுத்தேன். அதற்கடுத்த வேலை என்னுடையதல்ல, கிழக்கு கேலரியுடையது. நான் நம்பரைச் சொல்வேன், அவர்கள் பேரைச் சொல்வார்கள். எங்கள் மைதானத்தில் பல வருடங்களாக இதுதான் முறை. அன்று கேலரியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. யாரோ தும்மியது மட்டும் கேட்டது. மைதானத்தின் நடுவே வரிசையில் நின்றிருந்த நாலாம் நம்பர் கேலரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். அது முன்பே சரியாகத்தான் இருந்தது. கையிலிருந்த தாளைப் பார்த்து அவனுடைய முழுப்பேரை நானே படித்தேன். தாமதமாக வரும் பேருந்தை அறிவிக்கிற குரல்தான் வந்தது. வாரநாட்களில் பேருந்து நிலையத்தில் எனக்கு அதுதானே வேலை.

இந்த வழக்கம் ஒரு ரிப்பேரில் பிறந்தது. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதை விழுங்கிவிடும். நம்பர் வெளியே வரும், பேர் உள்ளேயே நின்றுவிடும். கேலரியில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மிச்சத்தை அவர்களே கத்தினார்கள். அதுவும் அப்பா அம்மா வைத்த பேரையல்ல, அவர்களாக வைத்த பேரை. புது மைக்செட் வந்த பிறகும் யாரும் அதை விடவில்லை. புதிதாக வந்த ஆட்டக்காரனுக்கு மட்டும் பேர் கிடையாது. அவன் நம்பரை நான் சொன்னதும் மொத்த கேலரியும் ஒரே குரலில் “யாரு?” என்று கேட்கும். பார்க்க நக்கல் மாதிரி இருக்கும், ஆனால் வரவேற்பே அதுதான். ஏதோ ஒரு ஆட்டத்தில், ஏதோ ஒரு நொடியில், அவனுக்கான பேர் யார் வாயிலிருந்தோ விழும். அடுத்த ஆட்டத்திலிருந்து ஊரே அதைச் சொல்லும்.

அந்த வாய் பெரும்பாலும் என் அண்ணனுடையது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். ஆட்ட நாளில் கடையைச் சாத்திவிட்டு, வேலியை ஒட்டிய முதல் வரிசையில் அண்ணியோடு வந்து உட்கார்ந்துவிடுவான். கோல் கீப்பருக்குப் ‘பூட்டு’ என்று வைத்தது அவன்தான். ஒல்லியும் உயரமுமாக வந்து நின்ற ஸ்ட்ரைக்கருக்கு ‘ஒட்டடை’ என்று வைத்ததும் அவன்தான். ஒட்டடைக்குச்சியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருப்பான் பையன். பேர் சொன்னதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு தட்டு தட்டுவான். இவர்களையெல்லாம் ஆட்டக்காரர்களாக்கிய கோச்சுக்கு, அதட்டாமலே வேலை வாங்குவதால், ‘வாத்தியார்’.

போன சீசனில் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். அவ்வளவுதான், பெரிய இடத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. லீக்கிலேயே பணக்கார கிளப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வது. முதலில் வாத்தியாரைத் தூக்கினார்கள். அடுத்து பூட்டை. கடைசியாக ஒட்டடையை. செய்தி வந்தபோது அண்ணன் காயில் சுற்றிக்கொண்டிருந்தானாம். சுற்றுக் கணக்கு விட்டுப்போய், சுற்றியதையெல்லாம் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. நான் வேலை முடிந்து அந்தப் பக்கம் போனபோது கடை முழுக்கச் செம்புக் கம்பி சுருண்டு கிடந்தது.

“இன்னும் என்ன பாக்கி? கோல் போஸ்ட்டையும் புடுங்கிட்டுப் போகச் சொல்லு” என்றான். “நாம என்ன கிள்ளுக்கீரையா? ஒண்ணுமே தெரியாம வர்றானுங்க, நாம பாத்துப் பாத்து ஆளாக்கறோம். ஆளானதும் அவன் வந்து அள்ளிட்டுப் போறான்.”

எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. கிளப்புக்கு வந்த பணத்தில் கிழக்கு கேலரிக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். நிழல் நன்றாகத்தான் இருந்தது. ஒட்டடையை விற்று வாங்கிய நிழலில் உட்காரப் பிடிக்காமல் சிலர் வெயிலில் போய் நின்றார்கள்.

அண்ணன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். இனிமேல் யாருக்கும் பேர் வைப்பதில்லை, வைத்த பேரையும் சொல்வதில்லை. ‘யாரு?’ என்றும் கேட்பதில்லை.

“நாம பேரு வெச்சுக் கத்தறோம். அது டிவியில கேக்குது. உடனே அங்க ஒருத்தன் நிமிர்ந்து உக்காந்து, யார்ரா அவன்னு பாக்கறான். கடை வாசல்ல சரக்கைத் தொங்கவிட்டு நாமளே கூவிக் குடுக்கறோம். பேரே இல்லாதவனை எவன் தூக்குவான், சொல்லு?”

“நல்லா இருக்கு” என்றாள் அண்ணி. “கண்ணு பட்டுடும்னு புள்ளையக் குளிப்பாட்டாமயே வெச்சிருப்பீங்க போல.”

அண்ணன் காதில் வாங்கவில்லை. கேலரியும் அவன் பக்கம்தான் நின்றது. எல்லோருக்கும் அதே எரிச்சல், அதே வீராப்பு. அப்படித்தான் நான் நம்பரைச் சொல்லிவிட்டு யாரோ தும்முவதைக் கேட்கிற நிலைமை வந்தது. பதினோரு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆடினார்கள். தோற்றார்கள், எப்போதாவது டிரா செய்தார்கள். ஜெயிக்கவே இல்லை.

ஒரு நாள் காலை நாலாம் நம்பர் பயிற்சிக்குப் போகப் பேருந்து நிலையத்துக்கு வந்தவன், என் அறிவிப்பு அறையின் ஜன்னலைத் தட்டினான். தோளில் பை, நெற்றியில் பழைய தையல் தழும்பு. எங்கள் பின்வரிசையின் நடுவில் அவன்தான் தூண்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு தம்பி.”

“புதுசா வர்றவங்களை இங்க ‘யாரு’ன்னாவது கேப்பாங்களாமே. எனக்கு அதுகூடக் கிடைக்கல. நான் அவ்வளவு மோசமாவா ஆடறேன்?”

என்னவென்று சொல்வது? உன்னை எவனும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றா? அதற்குள் அவன் ஏற வேண்டிய பேருந்து வந்துவிட்டது. அதை அறிவிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் ஒரு நிமிடம் காத்திருந்தான். பிறகு போய் ஏறிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவன் கம்பியை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கட்டரை மேசையில் வைத்தான்.

“நல்லா ஆடறான்” என்றான். “அதான் பயமா இருக்கு.”

“அவன்கிட்ட யாராவது சொல்லணும்ல?”

“சொன்னா அப்புறம் நிறுத்த முடியாது. எனக்கு என்னைத் தெரியும். இன்னொருத்தனுக்குப் பேரு வெச்சு, அவனையும் அந்தச் சட்டையில பாக்க என்னால ஆகாது.”

அவனைத் திட்டத்தான் போயிருந்தேன். ஆனால் திட்ட வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரிய இடம் எங்கள் மைதானத்துக்கு வருகிற நாளும் வந்தது. அண்ணன் காலையிலேயே வந்து வரிசை வரிசையாக ஏறி இறங்கினான். வந்த அணியைத்தான் முதலில் அறிவிப்போம், அவர்களுக்கு நம்பரையும் பேரையும் சேர்த்தே படிப்பேன். ஒட்டடையின் முறை வரும்போது கேலரி மொத்தமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. “ஒரு சத்தம் வரக் கூடாது. எவனாவது வாயைத் தொறந்தா, அதோட நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே போனான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, குரலிலேயே தெரிந்தது. என் மேசை கோட்டோரத்தில், இரண்டு அணி பெஞ்சுகளுக்கும் நடுவில். அண்ணனின் வேலி எனக்கு நேர் பின்னால். அவன் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்டது. இந்தக் கேலரி பேசாமலே பழகிவிட்டால் அப்புறம் இங்கே கிளப் என்று என்ன மிஞ்சும் என்பதுதான் என் கவலை. கூரை மிஞ்சும்.

வாத்தியார் கோட் போட்டுக்கொண்டு வந்தார். மேசை அருகே நின்று, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றார். “இருக்கோம் சார்” என்றேன். அவர் நிமிர்ந்து கேலரியைப் பார்த்தார், கேலரி அவரைப் பார்க்கவில்லை. அவர் பெஞ்சின் கடைசியில், போர்த்திய ஜாக்கெட்டுக்குள் பூட்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் கோலைத் தனியாளாகக் காத்தவனை வாங்கிக்கொண்டு போய் பெஞ்சைக் காக்க வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடி திருகித் திருகி உடைந்தேபோயிற்று.

வந்தவர்களைப் படிக்க ஆரம்பித்தேன். நம்பர், பேர். நம்பர், பேர். நெடுஞ்சாலை மாதிரி தடையில்லாமல் போனது. “பத்தொன்பதாம் நம்பர்” என்றேன். எனக்குப் பின்னால் கேலரி மொத்தமும் முதுகைத் திருப்புகிற சத்தம் கேட்டது. நடு வட்டத்தில் ஒட்டடை நின்றான், அந்த நீளக் கால்களோடு, பளபளவென்ற வேறு சட்டையில். மைக்கிலிருந்து வாயை எடுத்துவிட்டேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்று அண்ணன் இன்றைக்கும் கேட்கிறான். சத்தியமாக இல்லை. இத்தனை சீசன்களாக அந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திப் பழகிய வாய், தானாக நின்றுவிட்டது. அடுத்த கணம், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, கிழக்கு கேலரி மொத்தமும் கத்தியது:

“ஒட்டடை!”

எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வந்தது என் அண்ணனின் குரல்.

ஒட்டடையின் கைகள் இரண்டும் தலைக்கு மேலே போய்ப் படாரென்று ஒரு தட்டு தட்டிவிட்டன. அப்புறம்தான் அவனுக்குத் தான் போட்டிருக்கிற சட்டை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டான். அவனோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே அவனுக்கு எத்தனை பெரிய திரையில் பேர் போடுகிறார்களோ எனக்குத் தெரியாது. கேட்டதும் கை தானாக மேலே போகிற பேர் இங்கே வைத்ததுதான். அவன் எங்கள் சேற்றில் விழுந்து எழுந்தவன். நாங்கள் ஆளாக்கினவன். எனக்கு அப்படி ஒரு பெருமை. மிச்சப் பேர்களைப் படிக்க இரண்டு தரம் கனைக்க வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இன்னும் முதுகைக் காட்டியபடிதான் நின்றான், காது மட்டும் சிவந்திருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்து வரிசையில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள், அது பரவிற்று. அண்ணன் வெடுக்கென்று திரும்பி என்னைப் பார்த்து, “மைக்கை ஒழுங்காப் புடிக்கத் தெரியாதா ஒனக்கு?” என்று கத்தினான்.

அவன் எழுந்து போகவில்லை, அது போதும் எனக்கு. எங்கள் அணியைப் படிக்கத் தொடங்கினேன். “ஒன்றாம் நம்பர்” என்று நிறுத்தியதும், மேல்வரிசையில் ஓரமாகச் சில குரல்கள் தயங்கித் தயங்கி “யாரு?” என்றன. மூன்றாம் நம்பருக்குப் பாதிக் கேலரி சேர்ந்துகொண்டது. “நாலாம் நம்பர்” என்றேன். “யாரு?” என்று கூரைத் தகரம் அதிர்ந்தது. நெற்றித் தழும்பு மேலே ஏற, அவன் வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தான். அண்ணன் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆட்டம் அவர்கள் கையில்தான் இருந்தது. எங்கள் நெளிவுசுளிவெல்லாம் வாத்தியாருக்கு அத்துப்படி, எந்தப் பக்கம் பலவீனம் என்று பார்த்துப் பார்த்து அடித்தார்கள். ஆனால் எங்கள் பையன்கள் அன்று தலையை நிமிர்த்தி ஆடினார்கள். பந்து எங்கள் பாதியை விட்டு வெளியே போவதே அபூர்வமாக இருந்தது, கோல் மட்டும் விழவில்லை. நாலாம் நம்பர் ஒட்டடையை விட்டு ஒரு முழம் தள்ளி நிற்கவில்லை. ஒட்டடை தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்தால் அங்கேயும் வந்து நின்றான்.

இரண்டாம் பாதியின் கடைசியில் நீளமாக ஒரு பாஸ் வந்தது. ஒட்டடை பிய்த்துக்கொண்டு ஓடினான். அந்தக் கால்களை யார் பிடிப்பது? நாலாம் நம்பர் இரண்டடி பின்னால். வேறு யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார்கள், சிவப்பு அட்டை வாங்கியிருப்பார்கள். இவன் இழுக்கவில்லை, விடவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடித் தோளோடு தோளாக வந்துவிட்டான். பெனால்டி பாக்ஸுக்குள் ஒட்டடை இடது பக்கம் வெட்டினான். அங்கே விழுந்து சறுக்கிய நாலாம் நம்பரின் இரண்டு கால்களுக்கும் நடுவில் பந்து மாட்டிக்கொண்டது. ஒட்டடை அவனைத் தாண்டிப்போய் விழுந்தான், எழுந்து வந்து உதைத்துப் பார்த்தான், பந்து அசையவில்லை. ரெஃப்ரி விசில் ஊதவும் இல்லை.

“உடும்பு!”

எனக்குப் பின்னால் அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கத்திய பிறகுதான் கத்தியது அவனுக்குத் தெரிந்தது. கேலரி அவனையே பார்த்தது.

அந்த அமைதியில் வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்தார். உதவியாளரின் தோளைத் தொட்டு, எங்கள் நாலாம் நம்பரை நோக்கி விரலை நீட்டினார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒட்டடை முதல்முதலாக இங்கே வந்து நின்றபோது அவர் அவனைப் பார்த்த பார்வை. உதவியாளர் தாளைப் புரட்டிக்கொண்டே பேனாவைத் தேடினார்.

அண்ணனும் அதைப் பார்த்தான். வேலியைப் பிடித்திருந்த அவன் கைகளைப் பார்த்தேன். கையை ஒருமுறை தாழ்த்தினால் போதும், கேலரி வாயைத் திறக்காது. அவன் கையைத் தாழ்த்தவில்லை. வேலியின் முதல் கம்பியில் காலை வைத்து ஏறினான், இரண்டாவதில் ஏறினான். வாத்தியாரை நேராகப் பார்த்தான்.

“எழுதிக்கோங்க வாத்தியாரே!” என்றான். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “உடும்பு! எங்க உடும்பு!”

அதற்கப்புறம் அவன் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. மொத்தக் கேலரியும் எழுந்துவிட்டது. புல்லும் சேறுமாக எழுந்து நின்ற நாலாம் நம்பர், பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தான். அது தன்னைத்தானா என்று நம்பாமல், பாதி தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.