வேர்த்தோல்

பன்னிரண்டு குழாய்களிலும் ஊதா நிறம் அப்படியே நின்றது. வேர்ச்சாறு விட்டு அரை மணி நேரத்தில் அது மஞ்சளாக வெளுத்திருக்க வேண்டும். வெளுத்தால்தான் வேரில் மருந்துச் சரக்கு இருக்கிறதென்று அர்த்தம். போன மாதம் இதே வேர் கண்ணெதிரே வெளுத்துக் காட்டியது. இப்போது கல்லுளிமங்கன் மாதிரி அசைய மறுத்தது.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் வேரக்கா. வேரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்துக் கொடுப்பது ஆறு வருடமாக அவள் வேலை. நிதி கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை வந்து பார்த்து, தலையாட்டினால் திட்டம் நீளும், அவள் வேலையும் நீளும். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

"வேர் பழசாயிடுச்சு போல," என்றார் பேராசிரியை.

"வேர் மேல பழியப் போடாதீங்க மேடம். இதச் சலிச்சா மூணு நாளைக்கு என் விரல் மஞ்சளா இருக்கும். இந்தத் தடவயும் நான்தான் சலிச்சேன், பாருங்க." விரல்களை விரித்துக் காட்டினாள். பளிச்சென்று இருந்தன. ஆராய்ச்சி மாணவியின் பக்கம் திரும்பினாள். "நான் லீவுல இருந்தப்ப நீதானம்மா கழுவி இடிச்சே?"

"ஆமாக்கா. ஒரே மண்ணு. சுத்தமா இருக்கட்டும்னு கத்தியால தோலச் சீவிட்டேன்."

"நல்லாச் சீவினே போ! சரக்கே தோல்லதான் இருக்கு."

சீவாத வேர் ஒரு கைப்பிடியை அவள் எப்போதும் தனியே எடுத்து வைப்பாள். அதை இடித்து ஊறப்போட்டாள். வெள்ளிக்கிழமை, வந்தவர்கள் முன்னால் ஊதா மளமளவென்று வெளுத்தது. அடுத்து நடந்த சர்க்கரை நோய்ச் சோதனையில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியையும் அதே சாறு முக்கால்வாசி அடக்கிப்போட்டது. தலைகள் ஆடின. வேரக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீங்க தங்கம்க்கா," என்றார் பேராசிரியை.

திட்டம் மூன்று வருடத்துக்கு நீண்டது. அடுத்த வாரம், அவள் புது வேரைச் சலித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியை ஒரு தாளை நீட்டினார். "இதப் பலகையில ஒட்டிடுங்க. புது விதியாம், என் கையில இல்ல."

வேரக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். மாதிரி தயாரிப்பு உதவியாளர், ஓர் இடம். தகுதி, தாவரவியல் பட்டம்.

"அப்ப நான்?"

"ஆள் வர்ற வரைக்கும் இருங்க. வர்றவங்களுக்குத் தோலச் சீவக் கூடாதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

அவள் பசையைத் தடவினாள். எந்த வேலையானாலும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. சுருக்கம் விழாமல் தாளை நீவி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளைத் தாளில் மூலைக்கொன்றாக நான்கு மஞ்சள் ரேகைகள் பதிந்தன.