முறை தவறி விழுந்த மெயில்

மீனவர் சங்கத்துக்கு இணையத்தில் சொந்தமாக ஒரு முகவரி இருந்தது. அதற்கு வரும் மெயில் எந்தக் கம்பெனியின் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரிக்கு எம்.எக்ஸ். ரெக்கார்டு என்று பெயர். ஒரு பெட்டிதான் என்றால் ஒரு கம்பெனியின் வரி போதும். இங்கே இரண்டு கம்பெனிகளின் வரிகள் இருந்தன. தெற்குத் தெரு பிரவீன் போன வருஷம் ஒன்று எழுதினான். வடக்குத் தெரு தமிழ்வாணன் வேறொரு கம்பெனியில் பெட்டி திறந்து, பழையதை அழிக்காமல் தன்னுடையதையும் எழுதினான். வருகிற மெயில் ஒரு சமயம் இவனிடம் விழுந்தது, ஒரு சமயம் அவனிடம் விழுந்தது.

இதில் மாட்டிக்கொண்டது வடக்குத் தெரு அம்பிகா. பெண்களைச் சேர்த்து ஏரி நண்டை உயிரோடு கட்டி விற்கிறவள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குச் சாம்பிள் அனுப்பியிருந்தாள். பிடித்திருந்தால் மெயில் வரும், பதில் போட்டால் வண்டி வரும், போடாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். போனில் பேசுவது அவர்கள் வழக்கம் இல்லை.

"யாரோ ஒருத்தன் அழிங்கடா," என்றாள்.

"நான் இன்னாத்துக்கு அழிக்கணும்? மொதல்ல போட்டது நானு," என்றான் பிரவீன்.

"மொதல்ல பொறந்தவன்தான் மொதல்ல சாவணும். நீயே அழி," என்றான் தமிழ்வாணன்.

விஷயம் ஊர்த் தலைவர் சிங்காரத்திடம் போனது. ஏரியில் மீன் விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். ஒரு பாட்டில் இன்று ஒருவர் வலை போட்டால் நாளை இன்னொருவர். சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். சிங்காரத்துக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

"ஒரே பாட்டுல ரெண்டு வலை போட்டா அடிதடிதான். ஒரு நாள் தெக்கு, ஒரு நாள் வடக்கு. விடியச்சொல்ல அவனவன் வரிய எடுத்துட்டு அடுத்தவனுக்கு வழி வுடணும்."

"தலைவரே, இங்க மாத்துனா வெளிய தெரிய ஒரு நாள் ஆவும்," என்றான் பிரவீன்.

"காத்து திரும்பறதுக்கும்தான் நேரம் ஆவுது. அதுக்குனு முறைய வுட்டுட முடியுமா?"

சீட்டு தெற்குக்கு விழுந்தது, தமிழ்வாணன் தன் வரியை எடுத்தான். மறுநாள் விடிந்ததும் பிரவீன் தன் வரியை எடுத்தான், தமிழ்வாணன் தன் வரியைப் போட்டான். முறை வடக்கினுடையது. ஆனால் வெளியூர்க் கம்ப்யூட்டர்களுக்கு நேற்றைய வரிதான் ஞாபகம். சாயங்காலம் சென்னைக் கம்பெனியின் மெயில் பிரவீன் பெட்டியில் விழுந்தது. நண்டு பிடித்திருக்கிறது, நாளைக்குள் பதில் போடுங்கள்.

"நான் திருடல தலைவரே. தானா வந்து வுழுந்துச்சி."

சிங்காரம் வெற்றிலையைத் துப்பினார். "முறை தவறி வுழுந்த மீன ஏரியிலயே வுட்டுடணும். திருப்பி வுடு."

அம்பிகா தலையில் கை வைத்தாள். "ஐயோ தலைவரே, அது மீன் இல்ல, என் பொழப்பு."

"முறைன்னா எல்லாருக்கும் முறைதான்."

பிரவீன் அந்த மெயிலைச் சங்கத்தின் முகவரிக்கே அனுப்பினான். அது அவன் பெட்டிக்கே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினான். மறுபடி வந்தது.

"என் கம்பெனிக்காரன் இது நம்மூட்டு முகவரினு வெளியவே வுட மாட்டேன்றான்."

ஊரே செல்போனை எட்டிப் பார்த்தது. சிங்காரம் தீர்ப்பை மாற்றினார்.

"வுட்டும் போவலன்னா அது ஊர்ப்பொது. ரெண்டு தெருவுக்கும் பாதிப் பாதி. வண்டியில பாதி நண்டு வடக்கு, பாதி தெக்கு. பதிலும் பாதி இவன் போடட்டும், பாதி அவன் போடட்டும்."

அம்பிகா ஒத்துக்கொண்டாள். முழுதும் போவதற்குப் பாதி மேல்.

பதிலை நடுவில் வெட்டினார்கள். 'உயிர் நண்டு தருகிறோம், சம்மதம்' என்பதைத் தமிழ்வாணன் அனுப்பினான். 'வெள்ளிக்கிழமை விடியற்காலை படகுத்துறைக்கு வண்டி அனுப்பவும்' என்பதைப் பிரவீன் அனுப்பினான். இரண்டில் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"எத்தினி மணிக்கு, எந்தத் தொறைனு கீது. இன்னா ஏத்தணும்னு சொல்லலியே."

"நண்டு. ஏத்து," என்றாள் அம்பிகா. விடிவதற்கு முன்பே கட்டிக் கூடைகளில் அடுக்கி வைத்திருந்தாள்.

மிச்ச இடம் தெற்குக்கு என்று டிரைவரிடம் சொல்லி, வடக்கின் பாதியை ஏற்றினார்கள். தெற்குத் தெருவில் யார் வீட்டு நண்டு முதலில் போவது என்று சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வெயில் ஏறுவதைப் பார்த்து ஹாரன் அடித்தான்.

அம்பிகா மிச்சக் கூடைகளையும் இழுத்து வந்தாள்.

"அது அவங்க எடம் இல்லியா?" என்றான் டிரைவர்.

"நீ ஏத்துப்பா. தலைவர் கேட்டா தானா வந்து வுழுந்துச்சினு சொல்லிக்கிறேன்."