டின்னைத் திருப்பினால் வீடும் திரும்ப வேண்டும்

எங்கள் ஊரில் கூடப்பிறந்தவர்களுக்குள் வீட்டைப் பாகம் பிரிக்க ஒரு பவுண்டு கேக் செய்ய வேண்டும். வேகும்போது கேக்கின் மேல் நீளவாக்கில் ஒரு வெடிப்பு விழுமே, அதுதான் எல்லை. சர்வேயர் அந்த வெடிப்பை அளந்து, அதே விகிதத்தில் வீட்டுக்குள் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுப்பார். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஒருவருக்கு, பின்னால் இருப்பது மற்றவருக்கு. அடுத்த வேலைநாளில் கொத்தனார் வந்து, நடக்க மட்டும் ஒரு வழி விட்டு, சுவர் எழுப்புவார். இந்த முறையில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு நான்கும் சம எடையில் சேருகிற ஒரு பண்டத்தைவிட நியாயமான நடுவர் யார்? என் ஆட்சேபமெல்லாம் ஏழாவது விதியோடுதான்.

பங்குதாரர் இருவரும் ஆண்கள் என்றால் வெள்ளைக் கேக். ஒருவர் பெண் என்றால் சாக்லேட் கேக், அதுவும் ஈரம் குறையாத சாக்லேட் கேக். ஏழாவது விதி இவ்வளவுதான். வெள்ளைக் கேக்கில் வெடிப்பு வாய்க்கால்போலத் தெரியும். சின்னப் பிள்ளைகூட அளந்துவிடும். சாக்லேட்டில் கறுப்புக்குள் கறுப்பு. தயிரும் சூடான காப்பியும் ஊற்றி ஈரமாகச் செய்துவிட்டால் வெடிப்பு மயிரிழை அளவுக்குத்தான் வரும். சர்வேயர் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தடவுகிற விரல் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஐந்து பெண்கள் பாகம் வாங்கியிருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் கிடைத்தது துணிக்கொடி கட்டுகிற அகலம்.

ஆறாவது ஆள் என் அம்மா.

அம்மா பெயர் புஷ்பலீலா. அப்பா இறந்தபின் என்னைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. வீட்டின் முன்பாதியில் என் மாமா டென்னிசனும் ஷீலா மாமியும். பின்பாதியில் அடுக்களையும், ஒரு அறையும், நாங்களும். தெருவுக்கு ஒரே வாசல், அது மாமாவின் ஹாலில் இருக்கிறது. அடுக்களைக் கதவைத் திறந்தால் கிணறும் மதிலும். அம்மா தீப்பெட்டி வாங்கப் போனாலும் ஹாலைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமி கேட்பாள், "எங்க போற லீலா?" அம்மா நின்று பதில் சொல்வாள். பதினைந்து வருடமாக ஒரு தடவைகூடப் பதில் சொல்லாமல் தாண்டியதில்லை. அவளுக்குப் பாகத்தில் அதிகம் எதுவும் வேண்டாம். தெருவைப் பார்க்கத் திறக்கிற ஒரு கதவு வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்திலிருந்து இதற்காகவே வந்தேன். எம்.எஸ்சி. நிலவியல், இரண்டாம் வருடம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்வேயர் பத்மதாஸ் அளவு நாடாவோடு வந்தார். மாவு குழைக்கும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"சார், பெண்ணுக்கு எதுக்கு சாக்லேட்?"

"பொம்பளப் பிள்ளைகளுக்கு சாக்லேட் பிடிக்கும்லா மக்களே. ஒரு சலுகையாக்கும்."

"எனக்குப் பிடிக்காது" என்றாள் அம்மா, வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து வரும்வரை அடித்துக்கொண்டே.

சர்வேயர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 'பங்குதாரருக்குச் சலுகை பிடிக்கவில்லை.' கீழே அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கினார். நான் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினேன். கொக்கோத் தூளைச் சேர்த்த அளவுக்கு மாவைக் குறைத்தேன். சம எடை தவறினால் எல்லை செல்லாது. கடைசியில் தயிர், அதன்பின் காப்பி. காப்பி ஊற்றும்போது சர்வேயர் எட்டிப் பார்த்து, "தாராளமா ஊத்து" என்றார். என்ன தாராளம் பாருங்கள்!

ஓவன் யார் பாகத்திலும் இருக்கக் கூடாது என்பதால் தெருவில் மேசை போட்டு வைப்பது வழக்கம். எக்ஸ்டென்ஷன் ஒயர் ஜன்னல் வழியாக வரும். டின்னின் நீள ஓரம் ஒன்றில் சர்வேயர் சாக்பீஸால் 'முன்' என்று எழுதி, அந்த ஓரம் தெருவைப் பார்க்க உள்ளே வைத்தார். முன் என்றால் மாமா. ஓவனும் மாமாவுடையது. அதில் ஒரு பக்கம் மட்டும் அனல் அதிகம். அந்தப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி மாமா காலையிலேயே மேசையைப் போட்டிருந்தார். அனல் அதிகமான பக்கம் முதலில் இறுகிக்கொள்ளும். இளகிய பக்கம்தான் வெடிக்கும். இது பாறைக்கும் பொருந்தும், கேக்குக்கும் பொருந்தும்.

இருபத்தைந்தாவது நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடத் தொடங்கியிருந்தது. கொடி அகலம்.

"சார், பதினொண்ணாம் விதிப்படி டின்னைத் திருப்பணும்."

சர்வேயர் கையேட்டைப் புரட்டினார். விதி இருந்தது. 'பங்குதாரர் கோரினால் பாதி நேரத்தில் டின்னை ஒருமுறை முன்பின்னாகத் திருப்பலாம்.'

"இருக்குது. ஆனா இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒருத்தரும் கேட்டதில்ல மக்களே."

"ஏன் கேட்கல?"

"டின்னைத் திருப்பினா வீட்டையும் திருப்பணும். இல்லேன்னா கேக்கு ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் பாத்து நிக்கும். அளக்க முடியாது."

"அப்போ திருப்புங்க."

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். "எட்டி ஜெர்லின், பாதி வேக்காட்டுல ஓவனைத் திறந்தா கேக் நடுவுல அமுங்கிரும். கிளாட்ஸ்டன் வீட்டுல என்ன ஆச்சு? ஹால் அப்படியே குழியா இறங்கிட்டு. இப்ப அதுல தண்ணி விட்டு மீன் வளக்கான்."

"அவங்க ஓவன் கதவ படார்னு சாத்தினாங்க மாமா. நான் சாத்த மாட்டேன்."

"நீ படிச்சது கல்லப் பத்தி. இது கேக்காக்கும்."

"வெடிக்கிற விதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். மேசையை இந்த வாக்குல போட்ட உங்களுக்கு அது தெரியாதா?"

மாமா உட்கார்ந்துவிட்டார். சர்வேயர் இரண்டு தரப்பும் பேசி முடிந்தது என்று எழுதினார். பிறகு வீட்டைப் பார்த்துக் கைகளைக் குவித்து, "மேல்தொட்டித் தண்ணி தளும்பும், யாரும் மாடிப்படியில நிக்காதீங்க!" என்று சத்தம் கொடுத்தார். உள்ளே மாமி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பால் பொங்கிவிடும் என்று அடுக்களைக்குப் போயிருந்தாள்.

துணியைப் பிடித்துக்கொண்டு ஓவன் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. டின்னின் இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். எதிரில் வீடும் அதே வேகத்தில் திரும்பியது. என் கை கொஞ்சம் அவசரப்பட்டபோது கூரையிலிருந்து ஒரு ஓடு சரிந்தது. "மெதுவா மக்களே, மெதுவா" என்றார் சர்வேயர். நிதானித்தேன். ஹால் வாசல் பக்கத்து வீட்டுப் பலாமரத்தைக் கடந்து போனது. ஜன்னலுக்குள் மாமியின் டிவி நீலமாக ஓடி மறைந்தது, சீரியல் தடைபடவில்லை. மின்கம்பத்திலிருந்து வருகிற ஒயர் வீட்டை அரைச் சுற்று சுற்றிக்கொண்டது. பிறகு பின்சுவர் வந்தது. அதை அடுத்து, கரி படிந்த கதவோடு, அடுக்களை.

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். கையில் பால் பாத்திரம். அவள் முன்னால் கிணறு இல்லை, தெரு இருந்தது. ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. அம்மா பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

ஓவன் கதவை நான் சாத்தியது எனக்கே கேட்கவில்லை.

அடுத்த முப்பது நிமிடத்தில், பின் ஓரத்தில் தொடங்கிய கோடு அனல் பக்கம் வந்து மூடிக்கொண்டது, நடுவில் மாவு எழும்பியது. கேக் அமுங்கவில்லை. நேரமானதும் நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தேன். இரண்டு பொடி மட்டும் ஒட்டியிருந்தது. ஈரமான கேக்குக்கு அதுதான் சரியான வேக்காடு. சர்வேயர் பத்து நிமிடம் ஆறவிட்டார். பிறகு சட்டைக் கையை மடக்கி ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"விரலை எடுங்க சார்" என்றேன்.

"பின்ன எதை வச்சு பாக்க? கறுப்புல்லா இது."

அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய் வந்தாள். கையில் பொடித்த சர்க்கரை டப்பா. சல்லடையில் போட்டுக் கேக் முழுக்கத் தூவினாள். குனிந்து, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஊதுவதுபோல, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊதினாள். மேலே கிடந்த சர்க்கரை பறந்துபோயிற்று. வெடிப்புக்குள் விழுந்தது அங்கேயே நின்றது. நூல் பிடித்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு.

ஊதக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று சர்வேயர் தேடினார். இல்லை. நாடாவை வைத்தார்.

"இந்தப் பக்கம் அஞ்சு சென்டிமீட்டர். அந்தப் பக்கம்... அஞ்சு."

"வீட்டைப் பழையபடி திருப்பிருவீங்கள்லா?" என்றார் மாமா.

"ஒருமுறைன்னு போட்டிருக்கு டென்னிசன். கேக்கும் வெந்தாச்சு."

சுண்ணாம்புக் கோடு விழுந்தது. கேக்கை டப்பாவில் வைத்து அரக்கு முத்திரை போட்டு ஆவண அறைக்குக் கொண்டுபோனார்கள். நகல் வேண்டுமானால் அதே அளவில் இன்னொன்று செய்து தர வேண்டும்.

மாமாவின் ஹால் வாசல் இப்போது கிணற்றைப் பார்த்துத் திறந்தது. குளிக்க வசதிதான் என்றார். சாயங்காலம் கடைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டவர், வேறு வழி இல்லாமல் எங்கள் அடுக்களை வழியாக வந்தார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், "எங்க போற அண்ணா?"

மாமா நின்றார். "சும்மா... பிளேடு வாங்க."

"சரி, போயிட்டு வா."

போனவர் கடைக்குப் போகவில்லை. நேராக சர்வேயர் வீட்டுக்குப் போய் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். தனக்கும் தெருவைப் பார்த்து ஒரு வாசல் வேண்டும். நான் எதிர்மனு எழுத உட்கார்ந்தேன். பதினைந்து வருடத்துக்குப் பதினைந்து காரணம் இருந்தது. ஆறாவது காரணத்தில் அம்மா பேனாவை வாங்கி மூடி வைத்தாள்.

"ஒரு தடவ கேட்டதுக்கே எனக்கு நாக்கு கசக்குது பிள்ள. தினமும் என்னால கேட்க முடியாது."

"மாமி கேட்டாளே!"

"அவ நாக்கு அது."

எதிர்மனுவை நாலாக மடித்து வைத்தேன். இந்த வாதத்துக்கு எதிர்வாதம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்வேயர் வந்தார். வீட்டை இனி அசைக்க முடியாது, ஆனால் தெருவை அசைக்கத் தடை இல்லை என்றார். அதற்கு நடுவில் ஓட்டை உள்ள வட்ட டின் வேண்டும். மாமியிடம் அந்த மாதிரிப் புட்டிங் அச்சு ஒன்று இருந்தது. தெரு ஆணா பெண்ணா என்று நான் கேட்டேன். சர்வேயர் ஏழாவது விதியை மூன்று முறை வாசித்துவிட்டு, பாதி வெள்ளை, பாதி சாக்லேட் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா வெண்ணெயை அடித்தாள், மாமி முட்டை உடைத்துக் கொடுத்தாள். ஐம்பது நிமிடத்தில் வெந்தது. அச்சைத் தட்டில் கவிழ்த்தோம், ஒட்டாமல் வந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது தெரு எங்கள் வீட்டைச் சுற்றி வளைந்து கிடந்தது. மாமா பக்கம் சிமெண்ட், எங்கள் பக்கம் தார். பால்காரர் முதல் சுற்றில் மாமிக்கு ஊற்றினார். இரண்டாவது சுற்றில் அடுத்த தெருவுக்கு வழி கேட்டார். மூன்றாவது சுற்றில் அம்மா, தன் வாசலில் நின்று, அரை லிட்டர் வாங்கினாள்.