ஆறாம் வகுப்பு என்னை நாடு கடத்தியது

போர் நடந்த ஆண்டையும் ராஜாவின் அப்பா பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லி, மறுநாள் எழுப்பி ஒப்பிக்க வைப்பதற்குப் பெயர் வரலாற்றுப் பாடம் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒப்பித்து உட்கார்ந்த நிமிடமே பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். அதனால் என் வகுப்பில் பாடத்தை நடத்திப் பார்ப்போம். சந்தையைப் பற்றிய பாடம் என்றால் சந்தை போடுவோம். வரியைப் பற்றிய பாடம் என்றால், அவர்கள் மதியத்துக்குக் கொண்டுவந்த பழத்தில் பாதியை நான் பிடுங்கிக்கொள்வேன். மக்கள் ஏன் கலகம் செய்தார்கள் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறை வந்த பாடம், பழைய காலத்து நகரம் ஒன்றின் வழக்கம். ஒருவருடைய செல்வாக்கு ஊருக்கே ஆபத்தாக வளர்ந்துவிட்டது என்று மக்கள் நினைத்தால், உடைந்த பானைத் துண்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். யார் பெயர் அதிகம் விழுகிறதோ அவர் ஊரைவிட்டுப் போக வேண்டும். அடிக்கமாட்டார்கள், சொத்தைத் தொடமாட்டார்கள். பத்து ஆண்டுகள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

பள்ளித் தோட்டத்தில் உடைந்து கிடந்த பூந்தொட்டிகளைப் பொறுக்கி வந்து, ஆளுக்கொரு துண்டும் ஆணியும் கொடுத்தேன். வகுப்புப் பிள்ளை எவர் பெயரையும் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஒரு பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்கி வைப்பது விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அப்புறம் அந்த அறையில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதானே! கொட்டி எண்ணியபோது எல்லாத் துண்டிலும் ‘டீச்சர்’. ஒன்றில் மட்டும் ‘ஹோம்வொர்க்’ என்று இருந்தது. அதைச் செல்லாது என்று தள்ளினோம்.

பத்து ஆண்டுகளை மூன்று நாளாகக் குறைத்தார்கள். புதன்கிழமையிலிருந்து வெள்ளி கடைசி மணி வரை எனக்கு இடம் கடைசி பெஞ்ச். நான் யாரோடும் பேசக்கூடாது, என்னோடும் யாரும் பேசக்கூடாது. பாடத்தை அவர்களே குழுக்களாகப் படித்து நடத்திக்கொள்வார்கள். சட்டத்தை யாரும் மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல் குழு. வெள்ளி கடைசி பீரியடில், தண்டனை சரியா தவறா என்று விசாரணை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், வக்கீல் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். அவள் எழுந்து, ஸ்டாஃப் ரூம் ஊருக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டாள். கேள்வி பிடித்துப்போய், பள்ளிக்கூடம் முழுக்க ஊர்தான் என்று சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் ஸ்டாஃப் ரூம் கதவில் ஒரு சார்ட் தொங்கியது. வரலாறு டீச்சரை நாடு கடத்தியிருக்கிறோம், யாரும் பேசவேண்டாம் என்று பெரிய பெரிய எழுத்தில். மற்ற ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். கொஞ்சம் அதிகச் சந்தோஷத்தோடு சம்மதித்தார்களோ என்று எனக்குத் தோன்றியது.

ஸ்டாஃப் ரூமில் எனக்கு நேர் எதிரே கணக்கு டீச்சர். ஒரு காலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். போன வருடம் பரீட்சைக்கு முன்னால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் பீரியடுகளை எல்லாம் ஹெட்மாஸ்டரிடம் சொல்லிக் கணக்குக்கு வாங்கிக்கொண்டாள். வரலாறு பிள்ளைகள் வீட்டிலேயே படித்துக்கொள்வார்கள் என்றாளாம். எல்லார் முன்னிலையிலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவளும் சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் டப்பாவைப் பார்த்துச் சாப்பிடுகிறோம். வீட்டில் நான் தனி ஆள். அவளோடு பேச்சு நின்ற பிறகு, நாள் முழுக்க நான் பேசுவது பதினோரு வயதுப் பிள்ளைகளோடு மட்டும்தான்.

வியாழன் காலை ஹெட்மாஸ்டர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அறிவித்தார். கணக்கு டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல், நாளை மதிய பஸ்ஸில் கிளம்புகிறார். அவள் குனிந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

விளையாட்டாவது ஒன்றாவது என்று நான் எழுந்து அவளிடம் போயிருக்கலாம். போகவில்லை. தப்பு அவளுடையது, அவளே முதலில் வரட்டும் என்ற வீம்பு. இப்போது அதற்கு ஒரு நல்ல சாக்கும் கிடைத்துவிட்டது, நான்தான் பேசக்கூடாதே. ஆனால் வருவாள் என்று நம்பினேன். அன்று மாலை சமையலறையில் நின்றுகொண்டு, அவள் வந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்தேன். வழக்கமாக வீட்டில் சட்டி பானையோடாவது பேசுவேன். அன்று அதுவும் வரவில்லை.

வெள்ளி மதியம் எல்லாரும் அவளை வழியனுப்பக் கூடினார்கள். நான் மாடியில் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் வேண்டாம், பேச வேண்டுமென்றால் தனியாக மேலே வரட்டும். பெஞ்சில் யாரோ கிறுக்கியிருந்த கப்பலைப் பார்த்துக்கொண்டே, படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கீழே பிள்ளைகளின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு மணி அடித்தது. சரி, போய்விட்டாள், அவளுக்கு அவ்வளவுதான் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பீரியடில் விசாரணை தொடங்கியது. இந்தத் தண்டனை கடுமையானதா என்பது முதல் கேள்வி. வக்கீல் எழுந்தாள்.

“இல்ல. டீச்சர் எப்பவும் போலத்தான் இருந்தாங்க. தனியா வந்தாங்க, தனியா சாப்பிட்டாங்க, தனியா போனாங்க. பேசிக்கிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இது தண்டனை.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை, கண்டதைச் சொன்னாள். கண்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த கேள்வி, ஊர்மக்கள் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றினார்களா என்பது. காவல் குழுத் தலைவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். வாட்ச்மேன் சட்டத்தை மீறி வணக்கம் சொல்லப் பார்த்ததையும், தடுத்து நிறுத்தியதையும் சொன்னான். அப்புறம், “இன்னிக்கு மதியம் கணக்கு டீச்சரும் மாடிக்கு வரப் பார்த்தாங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்னாங்க. நாங்க படியில வரிசையா நின்னுக்கிட்டு விடலை” என்றான்.

வகுப்பு கைதட்டியது. நான் தண்டனையை மறந்து வாயைத் திறந்துவிட்டேன்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“எப்ப முடியும்னு கேட்டாங்க. கடைசி மணிக்குன்னு சொன்னோம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்னாங்க. சரி, நல்லா சொல்லிக்கொடுத்திருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

அவன்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தீர்ப்பு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. என் தண்டனை முடிந்தது என்று சொல்லி, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கிவிட்டு ஓடினார்கள். அறை காலியானதும் போனை எடுத்தேன். அவள் எண்ணை நான் அழித்திருக்கவில்லை. மணி போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தாள். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

“மேல வந்தியாமே” என்றேன்.

“வந்தேன். உன் படை விடலை.”

“என்னடி சொல்ல வந்தே?”

“தெரியலடி. உன் முன்னாடி வந்து நின்னா வாயில என்ன வருதோ வரட்டும்னுதான் வந்தேன். சண்டை போட்டிருப்பேனோ, அழுதிருப்பேனோ.”

“இப்ப சொல்லேன்” என்றேன்.

“இப்ப ஒண்ணும் வரலையே” என்றாள். “நீ எதிர்ல இல்லையே.”